சூரிச்சிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்: ஊரிலிருந்தே கணக்குப் பார்ப்பது எப்படி

மட்டக்களப்பில் வெளிநாடு போன பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்கிற வீடு குறைவு. மகள் சுவிஸில், மகன் லண்டனில், தம்பி குடும்பம் பரிஸில், சித்தி நோர்வேயில் என்று சிதறித்தான் இருக்கிறார்கள். அதனால் அம்மாவுக்கு சுவிஸ் விசா கிடைத்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: “மகளிட்ட ஒரு மாதம் நின்றுபோட்டு அப்படியே மகனையும் பார்த்துட்டு வரலாம்தானே, அது பக்கம்தானே?” பக்கம்தான். ஆனால் எவ்வளவு பக்கம் என்பதை சரியாகப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தால், அறுபது வயது தாண்டிய ஒரு மனுஷி முன்பின் தெரியாத எயார்போர்ட்டில் நடுச்சாமம் சூட்கேஸோடு நிற்க வேண்டி வரும்.

போனில் தட்டிக் கேட்டால் “777 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணித்தியாலம்” என்று ஒரு வரியில் பதில் வரும். அந்த வரி பொய் இல்லை. அதை மட்டும் வைத்துப் பயணம் போட முடியாது, அவ்வளவுதான். கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ இருந்துகொண்டே முழுக் கணக்கையும் எப்படிப் பார்ப்பது என்று கீழே எழுதுகிறேன். உதாரணத்துக்கு சூரிச்–லண்டனை எடுத்திருக்கிறேன், வேறு எந்த இரண்டு ஊருக்கும் இதே வழிதான்.

முதலில் தூரம். இதிலேயே குழப்பம் தொடங்குகிறது, ஏனென்றால் எந்த இரண்டு ஊருக்கும் ஒரு தூரம் அல்ல, இரண்டு மூன்று தூரம் உண்டு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பை நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 220 கிலோமீட்டர்தான். பஸ் ஓடுவதோ 300க்கு மேல், ரயில் கல்லோயாச் சந்தி, மாகோ என்று சுற்றிப் போவதால் அது இன்னும் கூட. சூரிச்–லண்டனும் அப்படித்தான். 777 என்பது வானத்தில் நேர்கோடு. காரில் போனால் பிரான்ஸின் வடகிழக்கைக் கடந்து கலே வரை போய், அங்கிருந்து கடலுக்கு அடியால் போகிற சுரங்க ரயிலில் காரை ஏற்றி, மறுபடி லண்டன் வரை ஓட வேண்டும், அது ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கும். ஆகவே எங்கேயாவது ஒரு தூரத்தைக் கண்டால் அது வானத்துத் தூரமா ரோட்டுத் தூரமா என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் ரோட்டுப் பலகையில் போட்டிருப்பது மைல் என்பதையும் மறக்க வேண்டாம், ஒரு மைல் 1.6 கிலோமீட்டர்.

அளப்பதற்கு கூகுள் மெப் போதும். போனில் சூரிச் எயார்போர்ட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும், கீழே வருகிற பெட்டியை மேலே இழுத்தால் தூரத்தை அளக்கிற தெரிவு இருக்கும், அதைத் தொட்டுவிட்டு மெப்பை நகர்த்தி நடுவில் இருக்கிற வட்டத்தை ஹீத்ரோவின் மேல் கொண்டுபோய் வையுங்கள். கீழே கிலோமீட்டர் காட்டும். ஊர்ப் பெயரில் வைக்காமல் எயார்போர்ட்டில் வைத்து அளப்பதுதான் சரி. நகரத்துக்கு நகரம் 777, எயார்போர்ட்டுக்கு எயார்போர்ட் 790க்குக் கிட்ட வரும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் சில ஊர்களில் இது சின்னதாக இருக்காது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நெட் இல்லாமலும் பார்க்கலாம். வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் செய்ய வையுங்கள், அதுக்கும் புவியியல் பாடத்துக்கு உதவும். வடக்குத் தெற்காக ஒரு பாகை அகலாங்கு எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகை நெட்டாங்கு அப்படி இல்லை, வடக்கே போகப் போக ஒடுங்கும். எங்கள் மட்டக்களப்பில் அது 110 கிலோமீட்டர், லண்டன் பக்கம் 70க்குக் கிட்ட, ஒஸ்லோவில் 56 தான், அதாவது எங்களுடையதில் பாதி. சூரிச் வடக்கு 47.37, கிழக்கு 8.54. லண்டன் வடக்கு 51.51, மேற்கு 0.13. வடக்குத் தெற்கு வித்தியாசம் 4.14 பாகை, அதை 111 ஆல் பெருக்கினால் 460 கிலோமீட்டர். கிழக்கு மேற்கைக் கழிக்கக் கூடாது, லண்டன் மறுபக்கம் இருப்பதால் கூட்ட வேண்டும்: 8.67 பாகை. நடுவில் இருக்கிற அகலாங்கு 49.4, அதன் கோசைன் 0.65, அதை 111 ஆல் பெருக்கினால் அங்கே ஒரு பாகை 72 கிலோமீட்டர், 8.67 பாகைக்கு 625 அளவில் வரும். மிச்சம் பைதகரஸ் தேற்றம்தான். 460இன் வர்க்கத்தையும் 625இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், 776 வரும். ஐரோப்பாவுக்குள் இருக்கிற தூரங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். கொழும்பிலிருந்து லண்டன் மாதிரி நீண்ட தூரத்துக்கு ஒத்துவராது, பூமி உருண்டை என்பதால் அங்கே வேறு சூத்திரம் வேண்டும்.

படத்தில் ரூலர் வைத்து அளக்கிற வேலை மட்டும் வேண்டாம். சுவரில் தொங்கும் உலகப் படங்கள் பலவற்றில் வடக்கே இருக்கிற நாடுகள் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும். நோர்வேயைப் பார்த்துவிட்டு “இவ்வளவு தூரமா?” என்று பயப்படுகிறவர்களுக்கு அதுதான் காரணம்.

சரி, நேரம். பயணிகள் விமானம் உயரே ஏறி நிதானத்துக்கு வந்த பிறகு மணிக்கு 800, 850 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் தூரத்தை 800ஆல் வகுத்து வருவதை நேரம் என்று எடுக்கக் கூடாது. டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரம், விமானம் வாசலை விட்டு அசைகிற நிமிடத்திலிருந்து மறுபக்கத்து வாசலில் போய் நிற்கிற நிமிடம் வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால் நான் போடுகிற கணக்கு இது: தூரத்தை 800ஆல் வகுத்து, மேலே 40 நிமிடம் சேருங்கள். சூரிச்–லண்டன் 790 என்று வைத்தால் ஒரு மணித்தியாலம், 40 சேர்த்தால் 1 மணி 40 நிமிடம். சூரிச்–ஒஸ்லோ நேர்கோட்டில் 1400 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணித்தியாலம், 40 சேர்த்தால் 2 மணி 25. கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் நிற்கும்.

லண்டன்–பரிஸ் வெறும் 345 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் ஒரு மணி ஆறு நிமிடம் வர வேண்டும், ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம், சிலவேளை அதைவிடக் கூடவும் இருக்கும். ஹீத்ரோ அவ்வளவு நெரிசல். அங்கே இறங்க வருகிற விமானங்களை நேரே இறக்காமல், லண்டனைச் சுற்றி இருக்கிற நான்கு இடங்களில் வானத்திலேயே வட்டமடிக்க வைத்து ஒவ்வொன்றாகத்தான் கூப்பிடுவார்கள். கம்பனிகளும் அந்தச் சுணக்கத்தை எதிர்பார்த்தே நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பார்கள். காற்றும் ஒரு காரணம். ஐரோப்பாவின் மேல் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும், அதனால் லண்டனிலிருந்து சூரிச் வருவது கெதியாக முடியும், சூரிச்சிலிருந்து லண்டன் போக சில நிமிடம் கூட எடுக்கும். குளிர்காலத்தில் விமானத்தின் இறக்கையில் உறைந்த பனியை திரவம் அடித்துக் கரைத்த பிறகுதான் புறப்பட விடுவார்கள், அதற்கும் நேரம் வையுங்கள். உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க ஆசை என்றால் ஃபிளைட்ரேடார்24 என்ற இணையத்தளத்தில் விமான இலக்கத்தைப் போடுங்கள், போன சில நாட்களில் எத்தனைக்குப் புறப்பட்டு எத்தனைக்கு இறங்கியது என்று தேதிவாரியாக வரும். டிக்கெட் எடுக்க முன் அதை ஒருதரம் பார்ப்பது நல்லது, தினமும் சுணங்குகிற ஃபிளைட்டை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இனி மணிக்கூடு. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் சூரிச் 17.00, லண்டன் 17.45 என்று இருக்கும். முக்கால் மணித்தியாலப் பறப்பு என்று நினைத்துவிடுவோம். திரும்பி வருகிற டிக்கெட்டில் லண்டன் 10.00, சூரிச் 12.40, இது என்ன இரண்டேமுக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட என்று கேட்போம். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். லண்டன் சூரிச்சைவிட எப்போதும் ஒரு மணித்தியாலம் பின்னால்.

இதைத் தீர்க்க நான் சொல்கிற வழி, இரண்டு நேரத்தையும் எங்கள் நேரத்துக்குக் கொண்டுவருவது. கோடையில் சூரிச் நேரத்தோடு மூன்றரை மணித்தியாலம் கூட்டினால் இலங்கை நேரம், லண்டன் நேரத்தோடு நாலரை கூட்டினால் இலங்கை நேரம். குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒவ்வொரு மணித்தியாலம் கூட: நாலரை, ஐந்தரை. மேலே சொன்ன ஃபிளைட் ஆகஸ்டில் என்று வையுங்கள். சூரிச் மாலை 5 மணி என்பது எங்களுக்கு இரவு எட்டரை. லண்டன் 5.45 என்பது எங்களுக்கு இரவு 10.15. கழித்தால் ஒன்றேமுக்கால் மணித்தியாலம், கணக்கு நேராகிவிட்டது. இதில் இன்னொரு நன்மை, அம்மா விமானத்தில் இருக்கிற நேரம் வீட்டிலிருக்கிற அப்பாவின் மணிக்கூட்டில் எது என்பது எழுதி வைத்த மாதிரி இருக்கும், எட்டரைக்கும் பத்தேகாலுக்கும் இடையில் போன் எடுக்கவில்லை என்று பதற வேண்டியதில்லை. நேரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். இங்கிலாந்தும் நாம் இங்கே பேசுகிற மற்ற ஐரோப்பிய நாடுகளும் ஒரே கணத்தில் மாற்றுவதால் அவர்களுக்குள் இருக்கிற ஒரு மணித்தியால வித்தியாசம் மாறாது, எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பதுதான் மாறும். பயணம் அந்த ஞாயிறை ஒட்டி வந்தால் இரண்டு தரம் பாருங்கள்.

இப்போது எயார்போர்ட். கொழும்பு எயார்போர்ட் கொழும்பிலா இருக்கிறது, கட்டுநாயக்காவில். ஐரோப்பாவில் இது இன்னும் மோசம். லண்டன் என்ற பெயரோடு ஆறு எயார்போர்ட் இருக்கிறது: ஹீத்ரோ, கட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி, சவுத்எண்ட். பரிஸ் போவே என்று மலிவு டிக்கெட்டில் வருவது பரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பஸ்ஸில்தான் வர வேண்டும். ஒஸ்லோ டோர்ப் ஒஸ்லோவுக்குத் தெற்கே 100 கிலோமீட்டருக்கு மேல். பாசல் எயார்போர்ட் சுவிஸ் ஊரின் பெயரில் இருந்தாலும் நிற்பது பிரான்ஸ் மண்ணில், வெளியே வரும்போது சுவிஸ் பக்க வாசல் வேறு, பிரான்ஸ் பக்க வாசல் வேறு. மருமகன் ஒரு பக்கம் நிற்க மாமி மறுபக்கத்தால் வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே ஊரைப் பார்த்து எயார்போர்ட் எடுக்காமல் வீட்டைப் பார்த்து எடுங்கள். மகன் ஹரோவில் என்றால் ஹீத்ரோ பக்கம். ஈஸ்ட்ஹாமில் என்றால் ஹீத்ரோ லண்டனின் மறுகோடியில் இருக்கிறது. லண்டன் சிட்டியோ பக்கத்திலேயே, ரோட்டில் நெரிசல் இல்லாவிட்டால் காரில் கால் மணித்தியாலம். சூரிச்சிலிருந்து லண்டன் சிட்டிக்கும் நேரடி விமானம் போகிறது. டிக்கெட் கொஞ்சம் கூட இருந்தாலும் வயதானவர்களுக்கு அதையே எடுக்கச் சொல்வேன்.

வீட்டுக்கு வீடு கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், இதைத்தான் எல்லோரும் ஒரு தாளில் எழுத வேண்டும். மகள் வின்டர்தூரில், மகன் ஈஸ்ட்ஹாமில், விமானம் சூரிச் 17.00, இறங்குவது ஹீத்ரோ. பின்னேரம் 2.15க்கு வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். வின்டர்தூரிலிருந்து எயார்போர்ட்டுக்கு ரயில் கால் மணித்தியாலம்தான், ஆனால் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும், ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், 3 மணிக்கு எயார்போர்ட்டில் நிற்க வேண்டும். பொதி போட்டு, சோதனை முடித்து, பாஸ்போர்ட் காட்டி வெளியேற இரண்டு மணித்தியாலம். 2025 ஒக்டோபரிலிருந்து ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைகளில் கைரேகையும் படமும் எடுக்கிற புது முறை தொடங்கியிருப்பதால் அதற்கும் நேரம் விட வேண்டும். லண்டன் நேரம் 5.45க்கு இறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, பொதி எடுத்து வெளியே வர 7 மணி. எலிசபெத் லைன் ரயிலில் ஒயிட்சப்பல் வரை வந்து, அங்கே மாறி ஈஸ்ட்ஹாம் இறங்கி, வீட்டுக்கு நடந்து கதவைத் தட்ட எட்டரை. எங்கள் நேரத்தில் பார்த்தால் மாலை 5.45க்கு வெளிக்கிட்டவர் இரவு ஒரு மணிக்குப் போய்ச் சேர்கிறார். ஏழேகால் மணித்தியாலம். அதில் பறந்தது ஒன்றேமுக்கால்.

இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் ரயிலின் அருமை விளங்கும். பரிஸிலிருந்து லண்டனுக்கு யூரோஸ்டார் இரண்டேகால் மணித்தியாலம் சொச்சம், 1994இல் திறந்த கடலடிச் சுரங்கத்தால் போகிறது. பரிஸில் அது நிற்கிற கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பல் நடக்கிற தூரம். விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் என்றாலும் இரண்டு பக்கமும் எயார்போர்ட் போய்வர ஆகிற நேரத்தைச் சேர்த்தால் ரயில்தான் முந்தும். சூரிச்–பரிஸ் நேர்கோட்டில் 490 கிலோமீட்டர், டி.ஜி.வி. என்கிற அதிவேக ரயில் நாலு மணித்தியாலம் சொச்சம், நடு ஊரிலிருந்து நடு ஊருக்கு. அதற்கும் ரயிலே எடுங்கள். ஒஸ்லோ என்றால் விமானத்தைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

தூரத்தைவிடப் பெரிய விஷயம் விசா. சுவிஸ் கொடுக்கிற ஷெங்கன் விசாவோடு பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே எல்லாம் போகலாம், இங்கிலாந்துக்குப் போக முடியாது. அதற்குத் தனி விசா, இலங்கையில் இருக்கும்போதே எடுத்துவிட்டுப் புறப்படுவதுதான் நல்லது. இரண்டாவது, ஒருதரம் மட்டும் உள்ளே வரலாம் என்ற ஷெங்கன் விசாவில் லண்டன் போய்விட்டால் திரும்ப சூரிச்சுக்குள் வர முடியாது. விசா ஒட்டியிருக்கிற பக்கத்தில் எத்தனை தரம் என்று போட்டிருக்கும், டிக்கெட்டுக்கு முன் அதைப் பாருங்கள். இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது: கொழும்பிலிருந்து போகும்போது சூரிச்சில் இறங்கி, திரும்பும்போது லண்டனிலிருந்தே கொழும்புக்கு ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுப்பது. டிக்கெட் பக்கங்களில் மல்டி சிட்டி என்று இருக்கும். 777 கிலோமீட்டரைத் திரும்பக் கடக்கத் தேவையில்லை, இரண்டாம் தரம் ஷெங்கனுக்குள் நுழையவும் தேவையில்லை. ஆனால் லண்டனிலிருந்து வருகிற விமானம் எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள். டோஹா, துபாய் என்றால் பிரச்சினை இல்லை. பிராங்பேர்ட், பரிஸ் வழியாக என்றால் இலங்கைப் பாஸ்போர்ட்காரருக்கு எயார்போர்ட்டில் மாறுவதற்கே தனி விசா கேட்கலாம்.

பொதியும் மாறும். கொழும்பிலிருந்து நிறைய கிலோ விடுகிறார்கள் என்று மிளகாய்த்தூளும் அரிசிமாவும் கருவாடும் கட்டிக்கொண்டு போவோம், ஆனால் ஐரோப்பாவுக்குள் தனியாக எடுக்கிற மலிவு டிக்கெட்டில் கைப்பைக்கு மேல் ஒன்றும் இருக்காது. பொதிக்கு வாசலில் கட்டுகிற காசு, ஒன்லைனில் முதலே கட்டுவதைவிட நன்றாகக் கூட. அம்மாவின் சூட்கேஸுக்கு டிக்கெட் எடுக்கும்போதே காசு கட்டிவிடுங்கள், லண்டன் மகனுக்கான பார்சலைத் தனியாகப் பிரித்து அந்தக் கிலோவுக்குள் நிறுத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, தூரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. விமானம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் இலக்க விதியின்படி நட்டஈடு கேட்கலாம், 1500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு அது 250 யூரோ. சுவிஸும் நோர்வேயும் இந்த விதியைப் பின்பற்றுகின்றன, இங்கிலாந்தில் அதே மாதிரியான விதியில் 220 பவுண். மோசமான காலநிலை போன்ற கம்பனியின் கையில் இல்லாத காரணம் என்றால் கிடைக்காது. இலங்கைப் பாஸ்போர்ட் என்பதற்காக இல்லை என்று சொல்ல முடியாது, எந்த நாட்டுப் பயணிக்கும் பொதுவானது. போர்டிங் பாஸை எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அம்மா தனியாகப் போகிறார், நடப்பதும் கஷ்டம், ஆங்கிலமும் தெரியாது என்றால் சக்கர நாற்காலி உதவியைக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை, புறப்பட 48 மணித்தியாலத்துக்கு முன் விமானக் கம்பனிக்கு அறிவித்தால் போதும், ஒன்லைனில் புக் பண்ணும்போதே அந்தத் தெரிவு இருக்கும். வாசலிலிருந்து விமானத்துக்கும், இறங்கிய இடத்திலிருந்து குடிவரவு, பொதி எல்லாம் முடித்து மகன் நிற்கிற இடம் வரைக்கும் ஒரு ஆள் கூடவே வருவார். கையில் ஒரு தாள் கொடுத்துவிடுங்கள்: விமான இலக்கம், எந்த டெர்மினல், லண்டன் வீட்டு முகவரி, மகனின் நம்பர், எத்தனை நாள் நிற்பார், இவை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். அதே தாளின் பின்பக்கத்தில் இறங்குகிற நேரத்தைத் தமிழில், லண்டன் நேரத்திலும் எங்கள் நேரத்திலும் எழுதுங்கள். அதன் பிரதி ஒன்று சூரிச்சில் மகளிடமும் இன்னொன்று வீட்டில் அப்பாவிடமும் இருக்கட்டும்.